கருவூலம் ஒன்று, கணக்கு இரண்டு!

ஓர் அமைச்சரை எதைக் கொண்டு அளப்பது? அவர் மேடையிலே பொழிந்த சொற்களைக் கொண்டா? மார்பிலே அணிந்த விருதுகளைக் கொண்டா? நாற்சந்தியிலே நிற்கும் சிலையைக் கொண்டா? பேச்சு காற்றோடு போகும். விருது பெட்டிக்குள்ளே உறங்கும். சிலையோ, வைத்தவர் விருப்பத்தைச் சொல்லுமேயன்றி, நின்றவரின் வரலாற்றைச் சொல்லாது. ஆனால் பொய் பேசாத சான்று ஒன்று உண்டு. அதுதான் வரவு செலவுக் கணக்கு! எதற்குப் பணம் உண்டு என்றார், எதற்குப் பணம் இல்லை என்றார் என்று பாருங்கள். அமைச்சரின் உள்ளம் உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்துவிடும்.

கொங்கு நாடு தமிழகத்துக்குத் தந்த அரசியல்வாதிகளிலே, இந்த அளவுகோலை வைத்து ஆராய்வதற்கு மிகப் பொருத்தமானவர் சி. சுப்பிரமணியம். 1910ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் உழவர் குடியிலே பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிலே இயற்பியல் பயின்று, பின்னர் சட்டம் பயின்றவர். விடுதலைப் போரிலே சிறை கண்டவர். அரசியல் நிர்ணய சபையிலே உறுப்பினராக இருந்தவர். 1952 முதல் 1962 வரை பத்தாண்டுகள் சென்னை மாகாண அமைச்சர். அதன் பின்னர் டில்லி சென்று, உணவுத்துறை, நிதித்துறை எனப் பல பொறுப்புகளை ஏற்றவர். 1998இல் பாரத ரத்னா விருது பெற்றவர். 2000ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மறைந்தவர்.

அவரைப் போற்றுவோர், பசுமைப் புரட்சியின் தந்தை என்று போற்றுகின்றனர். 1966இல் மெக்சிகோ நாட்டிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைக்கத் துணிந்த மத்திய உணவு அமைச்சர் அவர்தான், அதை மறுப்பாரில்லை. ஆனால் அந்தப் புகழின் வெளிச்சத்திலே, அதற்கு முன்னே சென்றுபோன பத்தாண்டுகள் மங்கிவிட்டன. தமிழ்ப் பிள்ளைகளின் படிப்பு, தமிழ்மொழியின் உரிமை, கொங்கு மண்ணின் நீர் ஆகிய மூன்றும் அவர் கையிலே இருந்த காலம் அது. அந்தப் பத்தாண்டைத்தான் இங்கே எடுத்து ஆராய்கிறோம். ஏசுவதற்காக அல்ல, ஏத்துவதற்காகவும் அல்ல. எடை போடுவதற்காக.

அரை நாள் பள்ளி

1952இல் ஆச்சாரியார் அமைச்சரவை அமைந்தபோது, சுப்பிரமணியத்திடம் நிதித்துறை தரப்பட்டது. அடுத்த ஆண்டே வந்தது, நாடு மறக்கவொண்ணாத அந்தத் திட்டம். திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் என்பது அரசு அதற்குச் சூட்டிய பெயர். குலக்கல்வித் திட்டம் என்பது நாடு அதற்குச் சூட்டிய பெயர். எந்தப் பெயர் நிலைத்தது என்பதை இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும்.

திட்டம் இதுதான். நாட்டுப்புறத்துத் தொடக்கப் பள்ளிகளிலே பிள்ளைகளை இரு கூட்டமாகப் பிரிப்பது. ஒரு கூட்டத்துக்குக் காலையிலே மூன்று மணி நேரம் பாடம். மற்றொரு கூட்டத்துக்குப் பிற்பகலிலே மூன்று மணி நேரம் பாடம். எஞ்சிய பொழுதிலே பிள்ளை தன் தந்தையின் தொழிலைப் பார்த்துப் பழக வேண்டும். நகரத்துப் பள்ளிகளுக்கு இந்த ஏற்பாடு இல்லை, கிராமத்துக்கு மட்டுமே!

இந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள் அதிலே வருணாசிரமத்தைக் கண்டார்கள். சரியாகவே கண்டார்கள். ஆனால் இன்னொன்றையும் நாம் காண வேண்டும். அந்தத் திட்டத்துக்குள்ளே ஒரு கணக்கும் இருந்தது. பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு அன்று அறிவுறுத்தியது. பள்ளிக்கு வராத பிள்ளைகளோ இலட்சக்கணக்கிலே இருந்தனர். அவர்களுக்குக் கட்டடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், பணம் வேண்டும். பணம் இல்லை என்றது அரசு. என்ன செய்வது? இருக்கும் கட்டடத்தையே, இருக்கும் ஆசிரியரையே இருமுறை பயன்படுத்துவது! கட்டடம் அதுவே, ஆசிரியர் அவரே, பிள்ளைகள் மட்டும் இரு மடங்கு. செலவில்லாமல் சேர்க்கை பெருகும்!

தாளிலே பார்த்தால் அழகான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கிலே செலவாகக் காட்டப்படாத ஒன்று உண்டு. அதுதான் பிள்ளையின் அரை நாள்! கருவூலத்திலே மிச்சமான ஒவ்வொரு ரூபாயும், குடிசைப் பிள்ளையின் பொழுதிலிருந்து பிடித்தம் செய்யப்பட்ட ரூபாய். நகரத்துப் பிள்ளையின் பொழுது மட்டும் பிடித்தம் செய்யப்படவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

கொங்கு நாட்டிலே இந்த ஏற்பாடு எப்படி நடந்திருக்கும்? எண்ணிப் பாருங்கள். தோட்டத்துக்காரர் மகன் அரை நாள் படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவான். அங்கே நிலம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, கவலை இறைக்க எருது இருக்கிறது. கற்றுக்கொள்ளத் தொழிலும், பின்னர் ஆளச் சொத்தும் உண்டு. நெசவாளர் மகன் தறிக்குழிக்குப் போவான்; நூலிழைக்கும் பிள்ளையாகத் தொடங்கி, கடனோடு கூடிய தறியை மரபுரிமையாகப் பெறுவான். பண்ணையாள் மகன் எங்கே போவான்? அவனுடைய குலத்தொழில் யாது? சாணம் அள்ளுவதும், மாட்டை ஓட்டுவதும், பிறர் காட்டிலே பாத்தி கட்டுவதும் அன்றோ! தொழிற்கல்வி என்ற ஒரே பெயரிலே ஒருவனுக்கு உடைமையும், ஒருவனுக்குக் கடனும், ஒருவனுக்கு அடிமையும் கற்றுத் தரும் ஏற்பாட்டைச் சமநீதி என்று சொல்லலாமா?

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடுப்பங்கரைக்கு எந்த அரசு ஆணையும் தேவைப்பட்டதில்லை. ஆணை ஒன்று வேறு கிடைத்துவிட்டால் அவளைப் பள்ளிக்கு அழைக்க எவர் செல்வார்?

ஒரு வாக்கின் எடை

சட்டமன்றத்திலே நடந்தது இன்னும் கூர்ந்து நோக்கத் தக்கது. 1953 சூலைத் திங்கள் இறுதியிலே, திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவு 138, எதிர்ப்பு 138! சரிக்குச் சரி. அவைத் தலைவர் சிவசண்முகம் பிள்ளை தம் வாக்கை எதிராக அளித்ததால் தீர்மானம் வீழ்ந்தது. திட்டத்தை நிறுத்தி வைத்து, வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்ற மற்றொரு தீர்மானமோ 139க்கு 137 என்ற கணக்கிலே வென்றது. அதன்படி பாருலேகர் தலைமையிலே குழு அமைந்தது. நவம்பர்த் திங்களிலே குழு அறிக்கை தந்தது. என்ன சொல்லிற்று? திட்டம் நன்று என்றே சொல்லிற்று!

வல்லுநர் சொன்ன பிறகு வாதம் ஏது என்று கேட்கலாம். நாம் அப்படிக் கேட்கவில்லை. வல்லுநர், தம்மிடம் வைக்கப்பட்ட கேள்விக்கு விடை தருபவர். இருக்கின்ற பணத்திலே எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம் என்பது கேள்வியானால், இரு வேளைப் பள்ளி விடையாக வருவதிலே வியப்பில்லை. இருக்கின்ற பணம் ஏன் இவ்வளவுதான், வேறு எதிலிருந்து எடுத்து இதற்குத் தரலாம் என்று கேட்பது வல்லுநர் வேலையன்று. மக்கள் பிரதிநிதிகளின் வேலை. கல்வியறிஞர் குழுவின் ஒப்புதலைவிட, பள்ளிக்கு வெளியே நின்ற தந்தையின் மறுப்பிலே ஆழ்ந்த அறிவு இருந்தது. தன் மகன் தன்னைப்போல் ஆகக்கூடாது என்பதற்காகவே பள்ளிக்கு அனுப்பியவன் அவன். அவனிடம், அரை நாள் உன்னிடமே பழகட்டும் என்று சொன்னால் எப்படி ஏற்பான்?

பெரியாரின் இயக்கமும், அண்ணா தலைமையிலே தி.மு. கழகமும் தெருவிலே போராடின. ஆளுங்கட்சிக்குள்ளேயே வரதராசுலு நாயுடு போன்றோர் எதிர்த்தனர். காமராசரும் திட்டத்தை விரும்பவில்லை. 1954 மார்ச்சுத் திங்களிலே ஆச்சாரியார் பதவி விலகினார்.

அப்போது நடந்த தலைவர் தேர்தலிலே காமராசரை எதிர்த்து நின்றவர் யார்? நம் ஆராய்ச்சிக்குரிய சுப்பிரமணியமேதான்! ஆச்சாரியாரின் ஆதரவோடு நின்றார். காமராசருக்கு 93 வாக்கு, சுப்பிரமணியத்துக்கு 41. தோற்றவரைத் தூரத் தள்ளுவது அரசியல் வழக்கம். காமராசரோ எட்டுப் பேர் கொண்ட தம் சிறிய அமைச்சரவையிலே தோற்றவரைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்ததோடு நின்றாரா? நிதியும் கல்வியும் அவரிடமே தந்தார்!

ஏப்ரல் 13இல் புதிய அமைச்சரவை பதவி ஏற்றது. மே திங்களிலே குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. அதை அறிவிக்கும் பொறுப்பு கல்வியமைச்சர் சுப்பிரமணியத்துக்கே வாய்த்தது. எந்த அமைச்சரவையிலே திட்டம் பிறந்ததோ, அந்த அமைச்சரவையின் நிதியமைச்சர். எந்த அமைச்சரவையிலே திட்டம் புதைந்ததோ, அந்த அமைச்சரவையின் கல்வியமைச்சர். இரண்டும் ஒருவரே!

திடீரென்று பணம் எங்கிருந்து வந்தது?

இந்த இடத்திலே பலர், கொள்கையற்றவர் என்று அவரைத் தள்ளிவிட்டு அப்பால் போய்விடுவர். இன்னும் சிலர், கடமை வீரர் என்று புகழ்ந்துவிட்டு அப்பால் போய்விடுவர். நமக்கு இரண்டும் போதவில்லை. நம் கேள்வி வேறு.

1953இல் பணம் இல்லை என்றார்கள். 1954க்குப் பிறகு என்ன நடந்தது? ஊர் தோறும் பள்ளி திறக்கப்பட்டது. பிள்ளை நடந்து போகும் தொலைவுக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது கொள்கையாயிற்று. கல்வித்துறை இயக்குநர் பொறுப்பிலே நெ. து. சுந்தரவடிவேலு அமர்ந்தார். 1955இல், அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த முப்பயன் திட்டம் வந்தது. 1956இல் பள்ளிகளிலே மதிய உணவு தொடங்கிற்று. முதலிலே ஊராரின் கொடையாலும், அடுத்த ஆண்டு முதல் அரசின் பங்கும் சேர்ந்தும் அது வளர்ந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மூலம் மேசையும் நாற்காலியும் கரும்பலகையும் ஊராரே தந்தனர். ஏழைப் பிள்ளைக்குச் சம்பளமில்லாப் படிப்பு படிப்படியாக மேல்வகுப்பு வரை உயர்ந்தது.

இவை அனைத்துக்கும் கையொப்பமிட்ட நிதியமைச்சர் யார்? அதே சுப்பிரமணியம்! இடையிலே என்ன பொற்சுரங்கம் கிடைத்தது? ஒன்றும் இல்லை. ஆந்திரம் 1953 அக்டோபரிலேயே பிரிந்துபோயிற்று, மாகாணம் சிறுத்தது, வரவும் சிறுத்தது, செலவுக்குரிய நிலப்பரப்பும் சிறுத்தது. கருவூலத்தின் பூட்டும் அதே பூட்டு. சாவியும் அதே சாவி. சாவியைப் பிடித்த கையும் அதே கை. ஆயினும் 1953இல் அந்தக் கருவூலம், பிள்ளையின் பொழுதைக் குறைத்து மிச்சம் பிடித்தது. 1957இல் அதே கருவூலம், பிள்ளையின் இலைக்குச் சோறு போட்டது.

ஆகவே நாம் வரும் முடிவு இது: பணமில்லை என்பது ஆட்சியாளர் வாயிலே பெரும்பாலும் ஒரு செய்தியன்று, ஒரு முடிவு. எதை முதலிலே வைப்பது, எதைப் பின்னாலே தள்ளுவது என்ற முடிவு. முதலிலே வைத்ததற்குப் பணம் பிறக்கும். பின்னாலே தள்ளியதற்குப் பணம் இறக்கும். இந்தப் பாடத்தை வேறு எந்த அரசியல்வாதியின் வாழ்க்கையும் இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. ஏனெனில் வேறு எவரும் இரண்டு கணக்குக்கும் ஒரே பேனாவால் கையொப்பமிடவில்லை.

ஆசிரியத் தொழிலிலே இருப்போர்க்கு அந்தப் பத்தாண்டிலே கிடைத்தது சிறிதன்று. ஓய்வு பெற்ற மறுநாள் மாணவன் வீட்டுத் திண்ணையிலே கையேந்தும் நிலையிலிருந்து உதவிப் பள்ளி ஆசிரியனை மீட்டது 1955ஆம் ஆண்டின் அந்தத் திட்டம். அதற்கு நன்றி கூறுவது நம் கடமை. ஆனால் நன்றியின் பெயரால் 1953ஐ மறப்பது மடமை.

தமிழுக்குத் திறந்த கதவு

இனி மொழிக்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் இறுதியிலே தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் சென்னைச் சட்டமன்றத்திலே நிறைவேறியது. அந்த ஆண்டின் 39ஆம் சட்டம் அது. சட்ட முன்வடிவை அவையிலே கொணர்ந்தவர் சுப்பிரமணியம். தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ் என்ற வாசகம் சட்டப் புத்தகத்திலே முதன்முதலாக ஏறிய நாள் எளிய நாளன்று.

ஆனால் சட்டத்தைத் திறந்து உள்ளே பாருங்கள். ஆங்கிலம் தொடரலாம், எந்தெந்தப் பணிக்குத் தமிழ் என்பதை அரசு அவ்வப்போது அறிவிக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. இந்த நாளுக்குள் இந்தத் துறை என்ற காலவரையறை இல்லை. கதவு திறந்தது, ஆனால் உள்ளே அழைப்பார் இல்லை. உழவன் தன் கிணற்றுக்குக் கடன் கேட்டு எழுதும் விண்ணப்பத்துக்குத் தமிழிலே விடை வர எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதை நம் பாட்டன்மார் அறிவர். கீழ்நிலை நீதிமன்றங்களிலே தமிழ் நுழைவதற்கு 1976ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வேண்டியிருந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் வாயிலிலே தமிழ் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது.

மாநிலத்தின் பெயரிலும் இதே போக்கைக் காண்கிறோம். தமிழ்நாடு என்ற பெயர் வேண்டிச் சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாநோன்பு இருந்து அக்டோபர்த் திங்களிலே உயிர் நீத்தார். உயிர் போன பிறகும் பெயர் வரவில்லை. 1961இல் அரசு ஒரு நடுவழி கண்டது. தமிழிலே எழுதும்போது தமிழ்நாடு என்று எழுதலாம். ஆங்கிலத்திலே மதராஸ் என்றே இருக்கும். ஒரே வீட்டுக்கு வாசலிலே ஒரு பெயர், கொல்லையிலே ஒரு பெயர்! 1967இல் அண்ணா முதல்வரான பிறகே அவையிலே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறி, 1969 பொங்கல் நாளன்று பெயர் முழுமையாயிற்று. சுப்பிரமணியம் இருந்த அமைச்சரவை பாதி வழி நடந்தது. மீதி வழியை மக்கள் நடத்திக் காட்டினர்.

நம் கோவைக்கு நேர்ப் பொருத்தமான ஒரு செய்தி உண்டு. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியிலே தமிழ்வழிப் பட்டப்படிப்பு சோதனை முறையிலே தொடங்கப்பட்டது. கல்லூரிப் பாடநூல்களைத் தமிழிலே ஆக்குவதற்கு 1959இல் தமிழ் வளர்ச்சி ஆராய்ச்சி மன்றமும் அமைக்கப்பட்டது. சுப்பிரமணியத்தின் கல்வியமைச்சுக் காலத்துச் செயல்களிலே நெஞ்சு நிறைந்து பாராட்டத் தக்கவை இவை. ஆங்கிலம் அறிந்தவனுக்கே வரலாறும் பொருளியலும் என்றிருந்த கோட்டையிலே, கோவையிலே முதல் கல் பெயர்ந்தது.

கல் பெயர்ந்தது, ஆனால் கோட்டை விழவில்லையே, ஏன்? தமிழிலே பட்டம் பெற்று வருபவனுக்கு வேலை எந்த மொழியிலே என்ற கேள்விக்கு அந்த அமைச்சு விடை வைக்கவில்லை. படிப்பு தமிழிலே, தேர்வாணையத் தேர்வு ஆங்கிலத்திலே என்றால் தந்தை எந்த வகுப்பிலே மகனைச் சேர்ப்பான்? தமிழ்வழி என்பது வேறு வழியில்லாதவனின் வழி என்றாகிவிட்டது. தமிழ்வழியிலே பயின்றோர்க்கு அரசுப் பணியிலே இருபது விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல்தான் வந்தது. சோதனைக்கும் சட்டத்துக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள்! மொழிக்கு மேடை தருவது எளிது. மொழிக்குச் சோறு தருவதே அரிது. ஆட்சியாளர் எதை முதலிலே வைக்கிறார் என்பதை அளக்க இதைவிட நல்ல நாழி கிடையாது.

1965இல் இந்தி எதிர்ப்பு நெருப்பாக எழுந்தபோது, மத்திய அமைச்சராயிருந்த சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் தந்தனர். ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் சாஸ்திரி வானொலியிலே உறுதி கூறிய பின் கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்தக் கடிதத்தின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். மாணவர் சிந்திய குருதி டில்லியின் காதிலே விழுவதற்கு அந்தக் கடிதமும் உதவிற்று. ஆனால் இங்கும் அதே ஒழுங்கைக் காண்கிறோம். முதலிலே தெரு பேசிற்று. பிறகே அமைச்சர் பேசினார்.

நீர் வந்தது, நிலம்?

மூன்றாவது, நீர். கீழ்பவானித் திட்டம் முடிந்து, ஈரோடு, கோபி வட்டாரங்களிலே இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேல் நீர் பாய்ந்த காலம் அது. அதை அடுத்துப் பரம்பிக்குளம் ஆழியாற்றுத் திட்டம் எழுந்தது. மேற்கே ஓடிக் கடலிலே கலக்கும் ஆறுகளை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் ஆகிய வறண்ட பகுதிகளுக்குத் தருவது! கேரளத்தோடு பேசி, டில்லியோடு வாதாடி, பொறியாளரை ஊக்கி, பணத்தை ஒதுக்கித் தந்தவர்களிலே சுப்பிரமணியம் முன்னிற்பவர். 1961இல் நேரு வந்து பணியைத் தொடங்கி வைத்தார். நூறடி ஆழக் கிணற்றிலே கவலை ஓட்டி, எருது கால் தேய, மனிதன் தோள் தேய வாழ்ந்த மண்ணுக்கு அது பேருதவி. இதை மறைத்து எழுதுபவன் திறனாய்வாளன் அல்லன்.

ஆயினும் நீருக்கு ஓர் இயல்பு உண்டு. அது நிலம் உள்ளவனைத்தான் தேடிச் செல்லும். நிலமற்ற பண்ணையாளுக்கு வாய்க்கால் கூலி வேலையைப் பெருக்கலாம், உடைமையைத் தராது. எனவே நீர்த் திட்டத்தோடு நிலச் சட்டம் கைகோத்து நடந்திருக்க வேண்டும். நடந்ததா? 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பிட்டது. வரம்புக்குப் பக்கத்திலேயே விதிவிலக்குகள்! தோட்டப் பயிருக்கு விலக்கு, பழத்தோட்டத்துக்கு விலக்கு, கரும்புக்கு விலக்கு, மேய்ச்சல் நிலத்துக்கு விலக்கு, பெண்ணின் சீதன நிலத்துக்குத் தனிக் கணக்கு. வேலியை விட வாயில்கள் மிகுதியான தோட்டம் அது! 1970இல் வரம்பு 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டபோதே அந்தச் சட்டத்துக்குச் சிறிது பல் முளைத்தது.

வருவாய்த்துறை சுப்பிரமணியத்தின் துறையன்று, உண்மை. ஆனால் அமைச்சரவையின் பொறுப்பு கூட்டுப் பொறுப்பு. அவையை நடத்திச் செல்லும் இடத்திலே இருந்தவர் அவர். அணைக்காகக் காட்டிய பிடிவாதத்திலே பாதியை நிலச் சட்டத்துக்காகக் காட்டியிருந்தால்? மலையைக் குடைவதற்குத் துணிந்தவர், பண்ணையாரின் வேலியைத் தொடுவதற்குத் துணியவில்லை. இதுதான் அவருடைய சட்டமன்ற வாழ்வின் எல்லை. இயற்கையோடு போராடும் திட்டங்களிலே அவர் சிங்கம். சமுதாய அமைப்போடு போராடும் திட்டங்களிலே, பிறர் தள்ளினால் அன்றி அவர் நகர்ந்ததில்லை.

1967 தேர்தலிலே கோபிச்செட்டிப்பாளையம் நாடாளுமன்றத் தொகுதியிலே அவர் தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார். கீழ்பவானி பாய்ந்த மண்! நன்றியற்ற மண் என்று அன்று சிலர் வருந்தினர். நாம் அப்படிக் கருதவில்லை. நீர் தந்ததற்கு நன்றி சொல்வது வேறு. மொழிக்கும் அரிசிக்கும் கணக்குக் கேட்பது வேறு. வாக்காளன் நன்றிக்கடன் தீர்க்கும் அடிமையல்லன். கணக்குக் கேட்கும் முதலாளி. கொங்கு நாட்டு உழவன் அன்று கணக்குக் கேட்டான்; அவ்வளவே.

இன்றைய பாடம்

பழங்கதை எதற்கு என்று கேட்பீர்கள். பழங்கதை பழங்கதையாகவே இருந்திருந்தால் நாமும் எழுதியிருக்க மாட்டோம். 2023இல் ஒன்றிய அரசு விசுவகர்மா என்ற பெயரிலே கைவினைஞர் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. குடும்பத்தின் மரபுத்தொழிலைச் செய்வோர்க்கு உதவி என்றது அதன் விதி. அந்த விதியை மாற்ற வேண்டும், குறைந்த வயதை 35 ஆக்க வேண்டும் என்று கேட்ட தமிழ்நாடு அரசு, 2024இல் அதை அந்த வடிவிலே ஏற்க மறுத்தது. குலக்கல்வி என்ற சொல் மறுபடியும் மக்கள் நாவிலே ஏறியது. அந்தத் திட்டம் பதினெட்டு வயது நிறைந்தோர்க்கானது. பள்ளிப் பிள்ளையை நேராக இழுப்பதன்று. 1953ஐயும் இதையும் ஒன்றென்று சொல்வது மிகை. ஆனால் கல்லூரி வாயிலிலே நிற்கும் பதினெட்டு வயது இளைஞனிடம், உன் அப்பன் தொழிலுக்குத் திரும்பினால் கடன் உண்டு என்று கூறும் அரசு, எந்தப் பக்கம் கை காட்டுகிறது என்று கேட்பது மிகையாகாது. தொழில் கற்பிப்பது தவறன்று. பிறப்பைப் பார்த்துத் தொழில் கற்பிப்பதே தவறு.

கோவையிலும் திருப்பூரிலும் ஆலைகள் உண்டு, பின்னலாடைக் கூடங்கள் உண்டு, விசைத்தறிகள் உண்டு. பத்தாம் வகுப்பிலே இருக்கை காலியானால், பிள்ளை எங்கே போயிருப்பான் என்று ஆசிரியர் நெடுநேரம் தேட வேண்டியதில்லை. அவனைப் பிடித்து இழுப்பது அரசாணை அன்று, வீட்டு வறுமை. குலக்கல்வியை ஆணையால் ஒழித்துவிட்டோம். வறுமையின் வழியாக அது பின்கட்டு வாயிலிலே நுழைகிறது. காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022இல் தொடங்கியதன் பொருள் இதிலேதான் விளங்குகிறது. அரை நாள் பள்ளியை மறுத்த நாடு, அரை வயிற்றுப் பள்ளியையும் மறுக்க வேண்டும், மறுக்கத் தொடங்கியிருக்கிறது.

முடிவாகச் சுப்பிரமணியத்தைப் பற்றி என்ன சொல்வது? ஆற்றல் மிக்கவர், அதிலே ஐயமில்லை. கணக்கறிந்தவர், உழைப்பாளி, தோல்வியை உள்ளத்திலே வைத்து வேலையைக் கெடுக்காதவர். தம்மைத் தோற்கடித்தவரின் கீழே அமர்ந்து, தம் முந்திய ஆட்சியின் திட்டத்தைத் தாமே முடித்து வைத்து, புதிய திட்டத்துக்கு முழு மனத்தோடு உழைப்பது எல்லார்க்கும் இயலாது. ஆனால் அந்த ஆற்றல் கூரிய அரிவாளைப் போன்றது. கதிரையும் அறுக்கும், கன்றின் கயிற்றையும் அறுக்கும். எதை அறுப்பது என்று சொல்ல வேறொருவர் வேண்டியிருந்தது. 1953இல் ஆச்சாரியார் சொன்னார். 1954இல் காமராசர் சொன்னார். காமராசர் அப்படிச் சொல்வதற்கு, தெருவிலே நின்ற மக்கள் இடம் செய்து தந்தார்கள்.

ஆகையால், திறமையான அமைச்சர் கிடைத்துவிட்டார், இனி நமக்குக் கவலையில்லை என்று எந்த நாடும் உறங்கலாகாது. திறமை கிடைத்த நாடுதான் மிகுதியாக விழித்திருக்க வேண்டும். அடுத்த முறை ஓர் அமைச்சர் அவையிலே எழுந்து, பள்ளிக்குப் பணமில்லை என்று சொல்வாரானால், அவரிடம் 1953ஆம் ஆண்டுக் கணக்கையும் 1957ஆம் ஆண்டுக் கணக்கையும் ஒருசேர எடுத்து வையுங்கள். இரண்டிலும் கருவூலம் ஒன்றுதான் என்று காட்டுங்கள். எந்தக் கணக்கிலே கையொப்பமிடப் போகிறீர் என்று கேளுங்கள்.

கேட்கும் நாட்டுக்கே கணக்குச் சரியாக வரும்.